கறுப்புக் கோட்டும் கதர்ச் சட்டையும்

ஆத்தங்குடிக்குப் போனவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் குனிந்துதான் பார்ப்பார்கள். காலடியில் விரிந்து கிடக்கும் அந்தப் பூக்கல் தரை அப்படி! சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கோலம் போட்டு வைத்த மாதிரி இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால், வைகாசி வெயிலிலும் பாதம் குளிர்ந்து போகும்.

சென்ற வாரம் அந்த ஊரில் ஒரு வீட்டின் வளவில் உட்கார்ந்து கந்தரப்பம் தின்றுகொண்டிருந்தேன். நான் போனது தரையைப் பற்றி எழுதுவதற்காக. ஆனால் எழுத நேர்ந்தது வேறு விஷயம்.

அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். காது கேட்கும், கண் தெரியும், கணக்கும் தப்பாது. பேரன் சட்டம் படித்து முடித்துக் கறுப்புக் கோட்டும் போட்டாகிவிட்டது. இப்போது, "கோர்ட்டுக்குப் போக மாட்டேன், அரசியலுக்குப் போகிறேன்" என்கிறானாம். வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. தகப்பனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தாயார் சாமிக்கு முடிந்து வைத்திருக்கிறார்.

ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ பத்திரிகையில எழுதுற பொண்ணு. நாலும் தெரிஞ்சவ. சொல்லு ஆத்தா, வக்கீல் தொழிலை விட்டுட்டு அரசியலுக்குப் போனவன் குடும்பம் உருப்படுமா?"

கேள்வி சுருக்கந்தான், பதில்தான் சுருக்கமாக வரவில்லை. "பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றேன். அன்று மத்தியானம் ஆச்சிக்குச் சொன்ன அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பேரனோ, மகனோ, ஏன், மகளோகூட இப்படி ஒரு நாள் வந்து நிற்கக்கூடும் அல்லவா?

* * *

ஆத்தங்குடியிலிருந்து கானாடுகாத்தான் வழியாகப் பெரிய சாலையைப் பிடித்துத் திருச்சிப் பக்கமாகப் போனால் திருமயம் வரும். ஊருக்கு நடுவே ஒரு குன்று, குன்றின் மேல் கோட்டை. அடிவாரத்தில் ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோவிலும் பெருமாளுக்கு ஒரு கோவிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமாளின் பெயர் சத்தியமூர்த்தி.

அந்த ஊரில் 1887-ம் வருஷம் ஆகஸ்டு 19-ம் தேதி பிறந்த ஒரு பிள்ளைக்கும் அந்தப் பெயரே அமைந்தது. பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் "தீரர்" என்ற அடைமொழியோடு கொண்டாடியது அந்தச் சத்தியமூர்த்தியைத்தான்.

அந்தக் காலத்தில் ஆத்தங்குடியும் திருமயமும் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் ராஜாங்கம் வேறு. ஆத்தங்குடி சிவகங்கை ஜமீனில், வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது. திருமயம் தொண்டைமான் ராஜாவின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. புதுக்கோட்டை இந்திய யூனியனோடு இணைந்தது 1948-ல்தான்.

சத்தியமூர்த்திக்குச் சிறு வயதிலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயாரும் தம்பி தங்கைகளும் அவர் பொறுப்பு. மூத்த பிள்ளையின் தலையில் குடும்பம் விழுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படித்து ஒரு தொழிலைப் பிடித்தால்தான் அடுப்பு எரியும். புதுக்கோட்டை மகாராஜா காலேஜில் படித்தார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அதன் பிறகு சட்டக் கல்லூரி. பிரபல வக்கீல் வி. வி. சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார்.

இங்கே ஆச்சி குறுக்கிட்டார்: "அப்பன் இல்லாத புள்ள, வக்கீலும் ஆயிட்டான். இனி வீட்டைப் பாக்க வேண்டியதுதானே?"

வேண்டியதுதான். ஆனால் காலம் அவரை விடவில்லை. அந்தத் தலைமுறையில் எத்தனை பேரை விட்டது? குஜராத்தில் காந்தி வக்கீல், படேல் வக்கீல், அலகாபாத்தில் மோதிலால் நேரு வக்கீல், கல்கத்தாவில் சி. ஆர். தாஸ் வக்கீல், சேலத்தில் ராஜாஜி வக்கீல், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை வக்கீல். இவ்வளவு பேர் கறுப்புக் கோட்டுக்காரர்களாகவே இருந்ததற்குக் காரணம் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தன் வாயைத் திறந்தால் சம்பளம் போய்விடும். வியாபாரிக்கு லைசென்ஸ் பயம். வக்கீலுக்கு மேலதிகாரி கிடையாது. சர்க்காருக்கு எதிராக எழுந்து நின்று பேசுவதே அவன் தொழிலில் ஒரு பாதி. சட்டத்தின் எந்த மூலையில் ஓட்டை இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை? வ. உ. சி. 1908-ல் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனபோது அவருடைய வக்கீல் சன்னது பறிபோயிற்று. கப்பல் ஓட்டிய மனிதர் விடுதலையான பிறகு பட்ட கஷ்டம் ஊர் அறியும். இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான் சத்தியமூர்த்தி அந்தப் பாதையில் காலை வைத்தார். தெரியாமல் போய் விழுந்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

* * *

அவருடைய மூலதனம் நாக்கு. இங்கிலீஷில் பேசினால் வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தமிழில் பேசினால் கடற்கரை மணலில் ஜனங்கள் எழுந்திருக்க மாட்டார்கள். 1919-ல் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தையும் ரௌலட் சட்டத்தையும் பற்றிப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்னால் இந்தியர்களின் ஆட்சேபத்தை எடுத்துச் சொல்லக் காங்கிரஸ் ஒரு கோஷ்டியைச் சீமைக்கு அனுப்பியது. அதில் சத்தியமூர்த்தியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 32.

மறு வருஷம் ஒத்துழையாமை இயக்கம் ஆரம்பமாயிற்று. கோர்ட்டைப் பகிஷ்கரி, பள்ளிக்கூடத்தைப் பகிஷ்கரி, சட்டசபையைப் பகிஷ்கரி என்றார் காந்திஜி. சட்டசபை விஷயத்தில் மட்டும் காங்கிரஸுக்குள்ளேயே இரண்டு கட்சி ஏற்பட்டது. "அந்தப் பக்கமே போகக் கூடாது" என்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் தலைவர் ராஜாஜி. "உள்ளே போய் உட்கார்ந்து, அவர்கள் முகத்துக்கு நேரே கேள்வி கேட்க வேண்டும்" என்று 1923-ல் சி. ஆர். தாஸும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சியை ஆரம்பித்தார்கள். சத்தியமூர்த்தி இந்தக் கட்சி. அந்த வருஷமே சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார்.

இந்த வித்தியாசத்தை ஆச்சிக்கு விளக்கினேன். "சம்பந்தி வீட்டில் சண்டை என்றால் ஒருவர், 'அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்' என்பார். இன்னொருவர், 'இல்லை, விசேஷத்துக்குப் போய் நடு வளவில் நின்றே கேட்டுவிட்டு வருகிறேன்' என்பார். சத்தியமூர்த்தி இரண்டாவது ரகம்."

"ரெண்டாவது ரகந்தான் கஷ்டம். சாப்பாட்டுக்கு முன்னால கேக்கணும்" என்றார் ஆச்சி.

அதற்காகச் சிறைக்கு அஞ்சினார் என்று நினைத்துவிடாதீர்கள். 1930-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலின் உச்சியில் தேசியக் கொடியை ஏற்ற முயன்று கைதானார். அதன் பிறகும் சிறைவாசம் அவரை விடவில்லை.

1934-ல் டில்லி மத்திய சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. சென்னை நகரத்தில் ஜஸ்டிஸ் கட்சியின் பெரிய மனிதர் சர் ஏ. ராமசாமி முதலியாரை எதிர்த்து நின்று ஜயித்தார் சத்தியமூர்த்தி. டில்லியில் புலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சித் தலைவர். சத்தியமூர்த்தி உதவித் தலைவர். வக்கீல் தொழிலில் கற்ற குறுக்கு விசாரணை அங்கேதான் முழுமையாகப் பயன்பட்டது.

சட்டசபையில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. அங்கத்தினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விக்கு, இலாகா அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த பதிலைச் சர்க்கார் தரப்பு வாசிக்கும். அதில் வம்பு இல்லை. வம்பெல்லாம் அதற்குப் பிறகு எழும் துணைக் கேள்வியில்தான். அதற்கு முன்னறிவிப்புக் கிடையாது. எழுதி வைத்த பதிலும் கிடையாது. சத்தியமூர்த்தி எழுந்தால் ஒரு துணைக் கேள்வியோடு உட்கார மாட்டார். அவர்கள் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். நிதி அங்கத்தினராக இருந்த சர் ஜேம்ஸ் கிரிக் போன்ற வெள்ளைக்கார அதிகாரிகள், கேள்வி நேரத்தில் அந்தத் தென்னாட்டு மனிதர் எழுந்திருக்கிறாரா என்று பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

இதற்கு நடுவே நாடகம், சங்கீதம் வேறு. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வேஷம் கட்டியவர் சத்தியமூர்த்தி. நாடகக்காரர்களைப் படித்தவர்கள் கீழாக நினைத்த காலத்தில், அவர்களைத் தேசிய மேடையில் சரிசமமாக உட்கார வைத்தார். கே. பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடையில் பாடினால் கூட்டம் எப்படிக் கட்டுண்டு கிடக்கும் என்பதைக் கட்சியில் முதலில் கண்டுகொண்டவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் சினிமாக் கலைஞர்கள் தமிழ்நாட்டு அரசியலில் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கதவை முதலில் தட்டியது இந்தத் திருமயத்து வக்கீல்.

* * *

சகோதரிகளே, இதுவரை சொன்னதைக் கேட்டு, 'ஆகா, எப்பேர்ப்பட்ட மனிதர்!' என்று நீங்கள் நினைத்திருந்தால், இப்போது சொல்லப் போவதையும் கேட்கத்தான் வேண்டும். மறைத்துவிட்டு மேலே போனால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன்.

சென்னைச் சட்டசபையில் அவர் இருந்த அதே காலத்தில் அங்கே ஒரு பெண்மணி வந்து அமர்ந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தச் சபையின் முதல் பெண் அங்கத்தினர். அவரும் புதுக்கோட்டைக்காரர்; அவரும் அதே மகாராஜா காலேஜில் படித்தவர்; வயதில் சத்தியமூர்த்திக்கு ஒரு வருஷம் மூத்தவர். சின்னப் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று 1927-ல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார்.

அந்த முயற்சியை எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். கலை போய்விடும் என்றார்கள். சம்பிரதாயம் கெட்டுவிடும் என்றார்கள். அந்நிய சர்க்கார் நம் கோவிலில் கைவைக்கக் கூடாது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அந்த அம்மாள், 'அவ்வளவு புனிதமான காரியம் என்றால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்களேன்' என்ற பொருளில் பதிலடி கொடுத்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குத் துணைக் கேள்வி ஏது? கேள்வி கேட்டே டில்லியைத் திணற அடித்த மனிதர்கூட அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது.

முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த காரியம் முழுச் சட்டமாக நிறைவேறியது 1947-ல். அதற்குள் சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார். தேசத்தின் விலங்கை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண்ணுக்கு, ஒரு சிறு பெண்ணின் கழுத்தில் கட்டிய விலங்கு விலங்காகத் தெரியாமல் போயிற்று. நல்லவர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நாம் நம்பிவிடுகிறோம். அது பெரிய ஆபத்து.

ஆச்சி இந்த இடத்தில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மா நல்லாக் கேட்டிருக்கா" என்று மட்டும் சொன்னார்.

* * *

அரசியலில் உழைத்தவனுக்கு நாற்காலி கிடைக்க வேண்டாமா? கிடைத்ததா என்று பார்ப்போம்.

1937-ல் மாகாணத் தேர்தல். காங்கிரஸ் ஜயிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வெற்றிக்காகக் கிராமம் கிராமமாகத் தொண்டை வறளப் பேசியவர்களில் முதல் வரிசையில் இருந்தவர் சத்தியமூர்த்தி. தமக்கு என்று இருந்த பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக்கொடுத்தார். ராஜாஜி பிரதம மந்திரியானார். அந்த மந்திரி சபையில் சத்தியமூர்த்திக்கு இடம் இல்லை. டில்லிக்குப் போய்ப் பழையபடி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனாலே பத்து வருஷம் பேச்சு வார்த்தை நின்றுவிடுகிறது. அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. புதுக் கட்சி கட்டவில்லை. மனஸ்தாபம் இல்லாமல் இருந்திருக்காது, மனிதர்தானே! ஆனால் வேலை நிற்கவில்லை.

அவர் செய்த வேலைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று மனிதர், இன்னொன்று தண்ணீர்.

முதலாவது, காமராஜ். விருதுநகரிலிருந்து வந்த, பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத, பேச்சில் அலங்காரமே தெரியாத ஓர் இளைஞர். இங்கிலீஷிலும் சமஸ்கிருதத்திலும் ஊறிய வக்கீலுக்கும் அவருக்கும் என்ன பொருத்தம்? ஆனால் பொருந்தியது. 1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது காமராஜைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். 1940-ல் காமராஜே தலைவர் பதவிக்கு நின்று மூன்றே வாக்கு வித்தியாசத்தில் ஜயித்தார். இப்போது சிஷ்யர் தலைவர், குரு காரியதரிசி! பதவி இறங்குவதை அவமானமாக நினைக்காமல் குருநாதர் அதை ஏற்றுக்கொண்டார். மாமியார் சாவிக் கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு, "இன்றைக்கு என்ன சமையல் என்று நீயே சொல், நான் நறுக்கித் தருகிறேன்" என்று அரிவாள்மணையின் முன் உட்காருவதைப் போன்ற காரியம் அது. எத்தனை வீட்டில் நடக்கிறது?

இரண்டாவது, தண்ணீர். 1939-ல் சத்தியமூர்த்தி சென்னை நகர மேயரானார். புதிய சட்டத்தின்படி அந்த நாற்காலியில் முதன்முதலில் உட்கார்ந்தவர் செட்டிநாட்டுக் குமாரராஜா முத்தையா செட்டியார். அதே நாற்காலிக்கு இப்போது திருமயத்துக்காரர் வந்தார். மேயர் பதவி ஒரே வருஷம். அங்கி, சங்கிலி, ஊர்வலம், வரவேற்புப் பத்திரம் என்று அந்த வருஷத்தைச் சுகமாகக் கழித்துவிடலாம். ஆனால் அப்போது ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். செங்குன்றம் ஏரியை நம்பிய பட்டணம் அது. ஜனத்தொகை பெருகிக்கொண்டே போனது. உலக யுத்தம் வேறு தொடங்கிவிட்டது. யுத்த காலத்தில் அணை கட்டப் பணம் ஏது, சாமான் ஏது என்றது சர்க்கார்.

மேயர் விடவில்லை. சென்னைக்கு மேற்கே, கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் கட்டியே தீர வேண்டும் என்று வாதாடினார். வெள்ளைக்கார சர்க்காரோடு ஜன்மப் பகை. ஆனால் குழாயில் தண்ணீர் வருவதற்காக அதே சர்க்காரோடு உட்கார்ந்து பேசினார். 1940 ஆகஸ்டில் அஸ்திவாரக் கல் வைத்தார்கள். வேலை முடிந்து நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 1944-ல். இன்றைக்கு அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் தண்ணீர் போகிறது. சென்னையில் குழாயடியில் குடம் வைத்த நம் பாட்டிமாரும், இன்றைக்குக் குழாயைத் திருகும் நாமும் அந்தக் கணக்கில் கடன்பட்டவர்களே.

* * *

அந்தத் தண்ணீரை அவர் பார்க்கவில்லை.

1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது மறுபடியும் சிறைக்குப் போனார். அங்கிருந்து தம் இளம் மகள் லட்சுமிக்குக் கடிதங்கள் எழுதினார். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டியதை ஒரு தகப்பனார் காகிதத்தில் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவும் வந்தன. அவற்றை நினைக்கும்போது எனக்கு ஒரு பக்கம் மனம் நிறைகிறது. இன்னொரு பக்கம் கனக்கிறது. மகள் வளரும் வருஷங்களில் தகப்பனாரின் குரல் தபாலில் வந்துகொண்டிருந்தது. அரசியல்வாதியின் வீட்டில் குழந்தைகள் கொடுக்கும் வரி அது. எந்த சர்க்காரும் அதற்கு ரசீது தருவதில்லை.

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். ஆகஸ்டில் மறுபடியும் கைது செய்து, தூர தேசத்தில் அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பிரயாணத்தில் முதுகுத் தண்டில் அடிபட்டது. உடம்பு தேறவே இல்லை. 1943-ம் வருஷம் மார்ச் 28-ம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 55. பூண்டியில் தண்ணீர் நிறைய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. சுதந்திரத்துக்கு நாலு வருஷத்துக்கு மேல் இருந்தது. அணைக்கு அவர் பெயரை வைத்தார்கள்: சத்தியமூர்த்தி சாகர்.

1947 ஆகஸ்டு 15-ம் தேதி ஊரெல்லாம் கோலாகலமாக இருந்தபோது, காமராஜ் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய் அங்கே தேசியக் கொடியை ஏற்றினார். 1954-ல் முதல் மந்திரியானபோதும் அந்த வீட்டுக்குப் போய்ப் படத்துக்கு மாலை போட்டு, சத்தியமூர்த்தியின் மனைவியை வணங்கினார். படத்தை வணங்குவது எல்லாரும் செய்வது. அந்த அம்மாளை வணங்கினார் பாருங்கள், கணக்கு தெரிந்த மனிதர் காமராஜ். அந்த வீட்டில் யார் என்ன கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி வளர்ந்து பொதுவாழ்வில் ஈடுபட்டார். 'வாசகர் வட்டம்' என்ற பதிப்பகத்தையும் நடத்தினார். தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' போன்ற அருமையான புத்தகங்கள் அங்கிருந்துதான் வந்தன. சிறையிலிருந்து தபாலில் வந்த பாடம் வீண் போகவில்லை.

* * *

கதை முடிந்தது. ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அப்ப, போகலாங்கிறியா, வேண்டாங்கிறியா?" என்றார்.

எனக்குத் தரைதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று காலையில் பூக்கல் செய்கிற பட்டறையில் பார்த்தேன். தரையில் ஒரு கண்ணாடியை வைக்கிறார்கள். அதன் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வர்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, சாந்து போட்டு மூடிவிடுகிறார்கள். ஊற்றியவரின் கண்ணுக்கு அப்போது தெரிவது சாம்பல் நிறச் சாந்துதான். அழகெல்லாம் அடியில், கண்ணாடிப் பக்கம் இருக்கிறது. தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் தெரியும். அதன் மேல் நடக்கப் போவதும் வேறு யாரோ. பொது வேலையும் அப்படித்தான். முகத்தைக் காண அவசரப்படுகிறவனுக்கு அது ஆகாது.

ஆகவே ஆச்சியிடம் இப்படிச் சொன்னேன். "போகாதே என்று தடுக்க வேண்டாம், பக்கத்துக் கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரமும் வக்கீலாக இருந்து அரசியலுக்குப் போனவர்தான். மத்திய நிதி மந்திரியாகப் பல பட்ஜெட் போட்டவர். இந்த மண்ணுக்கு இது புதிது அல்ல. ஆனால் பேரனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: கையில் இருக்கும் தொழிலை விடாமல் காப்பாற்றிக்கொள்வாயா? அரசியலே பிழைப்பாகப் போய்விட்டால், தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டி வரும். கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கதர்ச் சட்டைக்கு முதுகெலும்பு இருக்கும். இரண்டாவது கேள்வி: நீ உழைத்து, நாற்காலி வேறொருவருக்குப் போனால் பொறுப்பாயா? மூன்றாவது கேள்வி: நீ தப்பு என்று ஒரு பெண் எழுந்து நின்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பாயா? சத்தியமூர்த்தியே தோற்ற இடம் அது."

வீட்டாருக்கும் ஒன்று சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே. அரசியலுக்குப் போன பிள்ளையிடம், "மச்சான் பையனுக்கு ஓர் உத்தியோகம், அத்தை வீட்டு நிலத்துக்கு ஒரு சிபாரிசு" என்று கேட்கத் தொடங்கும் நாளில் அவனைக் கெடுத்தவர்கள் நாமே ஆவோம். கேட்காமல் இருப்பதும் ஒரு தேசத் தொண்டுதான். அதற்குச் சிறைக்குப் போக வேண்டியதில்லை. வாயைக் கட்டினால் போதும்.

ஆச்சி சிரித்தார். உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு கந்தரப்பம் கொண்டுவரச் சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"மொத ரெண்டையும் அவுக அப்பச்சி கேக்கட்டும் ஆத்தா. அந்த மூணாவதை நானே கேட்டுக்கிறேன்."